பேச்சாளர் இல்லாத சனிக்கிழமை

1

காலை ஒன்பது இருபது. சுவர் காலியாக இருந்தது.

இந்தக் கதைக்கு என்னிடம் உள்ள முதல் வரி இதுதான். இதுவும் என்னுடையது இல்லை. அக்கா ஃபோனில் சொன்னது. அவள் வேதியியல் ஆசிரியை. நான் கதை எழுதுகிறவன். இதில் எது உபயோகமான வேலை என்பதில் எங்கள் குடும்பத்தில் இதுவரை கருத்து வேறுபாடு வந்ததில்லை.

அவள் பேசப் பேசவே நான் பேனாவைத் திறந்துவிட்டேன். மூடி விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"என்ன வேணா எழுது. என்னை மட்டும் அழ வைக்காத. அன்னைக்கு நான் அழல."

2

ஆசிரியர்களுக்கும் யாராவது சொல்லித்தர வேண்டும் என்பது உலகம் முழுவதும் உள்ள நம்பிக்கை. அதன் தோற்றத்தை ஆராய்ந்தால்

(நிறுத்தினேன். கட்டுரை.)

அவள் வகுப்பறையின் சன்னலைத் திறந்தாள். வெயில் மெல்ல

(வெயில் வேண்டாம். அதன் பின்னாலேயே நினைவுகள் வரும்.)

நேராகச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் பள்ளியில் வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை ஆசிரியர்களுக்குப் பயிற்சி. வெளியிலிருந்து ஒருவர் வருவார். காலை முதல் மாலை வரை பேசுவார். ஆசிரியர்கள் கேட்பார்கள், அல்லது கேட்பவர்களைப் போல உட்கார்ந்திருப்பார்கள். பல வருடமாக ஒரே ஆள். திரைக்குப் பக்கத்தில் நின்று "அடுத்த ஸ்லைடு" என்பார். அதனால் ஸ்லைடு சார்.

இந்த வருடம் அக்கா தலைமையாசிரியையிடம் போய் அந்தச் சனிக்கிழமையைக் கேட்டு வாங்கினாள். பேச்சாளர் கிடையாது. மேடை கிடையாது. தலைப்புகூடக் கிடையாது. ஒரு வெற்றுச் சுவர், கொஞ்சம் அட்டை, பேனா. எதைப் பற்றிப் பேச ஆசையோ அதை எழுதி ஒட்டலாம். ஒட்டியவர் ஓர் அறைக்குப் போவார். விருப்பம் உள்ளவர்கள் பின்னால் போவார்கள். சலிப்பு தட்டினால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்துப் பள்ளிக்காரர்களும் வரலாம்.

தலைமையாசிரியை யோசித்தார். பிறகு சொன்னார்: பதினொரு மணிக்கு வந்து பார்ப்பேன். எல்லோரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தால் இனிமேல் வருடா வருடம் நீங்கள் சொல்லும் முறைதான். ஒருத்தர் பேசி மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், அதற்கு ஸ்லைடு சாரே போதும். இந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள்.

சொன்னதோடு நிற்கவில்லை. ஸ்லைடு சாரையும் அன்று வரச்சொல்லிவிட்டார். அவர் ஸ்டாஃப் ரூமில், மடியில் புரொஜெக்டரோடு காத்திருந்தார்.

அக்காவின் நிலைமை புரிந்திருக்கும். இனி பராக்குப் பார்க்க மாட்டேன்.

3

காலை ஒன்பது இருபது. சுவர் காலியாக இருந்தது. (இரண்டாவது முறை வரும்போது இந்த வரிக்குக் கொஞ்சம் கனம் கூடியிருக்கிறது.)

அக்காவும், கூட வேலை செய்த பி.டி. மாஸ்டரும், மொழி ஆசிரியையும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் அவற்றை வரிசையாக்கி, கடைசி வரிசையை முதலில் நிரப்பினார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் கை தூக்கி, அட்டையில் ஓரம் விட்டு எழுத வேண்டுமா என்று கேட்டார். இன்னொருவர் தண்ணீர் குடிக்கப் போக அனுமதி கேட்டார். அக்காவும் பழக்கத்தில் கொடுத்துவிட்டாள்.

ஒன்பதரைக்கு மணி அடித்தாள். கொஞ்ச நேரத்தில் சுவர் நிறைந்துவிட்டது.

கைதட்டி விடாதீர்கள். மேலதிகாரி வகுப்பைப் பார்வையிட வந்தால், எந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளை எழுந்து நிற்க வேண்டும் என்று முந்தின நாளே பேசிவைப்பது ஆசிரியர்களுக்குக் கைவந்த கலை.* வெள்ளிக்கிழமை மாலை அக்கா தனக்கு வேண்டிய சிலரிடம் அட்டையும் தலைப்பும் கொடுத்து வைத்திருந்தாள். ஒரு முன்னெச்சரிக்கைக்கு. பி.டி. மாஸ்டரும் அவருக்கு வேண்டியவர்களிடம் கொடுத்திருந்தார். மொழி ஆசிரியையும். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. சுவரில் 'கரும்பலகையைத் திறம்படப் பயன்படுத்துதல்' மூன்று இடத்தில் இருந்தது.

எழுதியவர்கள் அவரவர் அறைக்குப் போகலாம் என்றாள் அக்கா. யாரும் அசையவில்லை. மறுபடி சொன்னாள். முன்வரிசைக் கணக்கு ஆசிரியர் பொறுமையாக விளக்கினார்.

"ஒட்டச் சொன்னீங்க டீச்சர், ஒட்டிட்டோம். பேசணும்னு யாரும் சொல்லலையே."

அக்கா பி.டி. மாஸ்டரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

* இந்தப் பத்தியை வெட்டச் சொன்னாள். பிள்ளைகள் படித்தால் என்ன நினைப்பார்கள் என்றாள். பிள்ளைகள் என் கதைகளைப் படிப்பதில்லை என்று தைரியம் சொன்னேன். உடனே சமாதானமாகிவிட்டாள். எனக்குத்தான் கொஞ்ச நேரம் ஆனது.

4

இப்போது ஸ்லைடு சார் வர வேண்டும். இவரிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதல் பிரதியில் அவரை வில்லனாக்கினேன். தடித்த மூக்குக்கண்ணாடி, அலட்சியச் சிரிப்பு. படித்துக் காட்டியதும் அக்கா அவர் அப்படிச் சிரிக்கவே மாட்டார் என்றாள். இரண்டாவது பிரதியில் தனிமையில் வாடும் மனிதராக்கி, மனைவி இறந்து

"அவங்க நல்லா இருக்காங்கடா. போன வாரம்கூட கடையில பார்த்தேன்."

ஆகவே அவரை அப்படியே விடுகிறேன். நடுத்தர வயது. இஸ்திரி போட்ட சட்டை. டீ கேட்டுத்தான் வந்தார் என்று அக்கா முதலில் நினைத்தாள். நிறைந்த சுவரையும் நகராத மனிதர்களையும் பார்த்தபடி நின்றார். பிறகு, தானும் ஓர் அட்டை எடுக்கலாமா என்று கேட்டார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது அக்கா போட்ட விதி. மறுக்க முடியவில்லை.

எழுதினார். சுவரில் இடமில்லை. மூன்று 'கரும்பலகை' அட்டைகளில் ஒன்றின் மேலேயே ஒட்டினார்.

'நான் பேசும்போது நீங்கள் ஏன் தூங்குகிறீர்கள்? (கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான்.)'

ஒட்டிவிட்டு ஏழாம் அறைக்குப் போய்விட்டார்.

(வாசகர் நம்ப மாட்டார் என்று தோன்றுகிறது. இத்தனை வருடம் தூங்கவைத்தவர் திடீரென்று ஏன் கேட்க வேண்டும்? நானும் அதைத்தான் கேட்டேன். இதுவரை அவரிடம் யாரும் அட்டை நீட்டியதில்லையே என்றாள் அக்கா. காரணம் சின்னதுதான். அதைவிடப் பெரிதாக என்னிடம் ஒன்றும் இல்லை.)

வந்திருந்த நாற்பது பேரும் எழுந்தார்கள். யாரும் அனுமதி கேட்கவில்லை. எல்லோரும் ஏழாம் அறைக்குப் போனார்கள்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரே அறை. அதில் ஸ்லைடு சார். இன்னும் சற்று நேரத்தில் தலைமையாசிரியை.

5

அறையில் அவர் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் முகவாயைத் தொட, உட்கார்ந்திருந்தார். அவர்தான் தொடங்கினார். முன்னால் நிற்பவனுக்கு எல்லாம் தெரியும் என்றார். தூங்குவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி உண்டாம். பி.டி. மாஸ்டரைக் காட்டினார்.

"சார் தலையை ஆட்டிக்கிட்டே தூங்குவார். நான் சொல்றத ஒத்துக்கறார்னு நினைச்சு ரெண்டு வருஷம் சந்தோஷமா இருந்தேன்."

அறை சிரித்து ஓய நேரமானது. பி.டி. மாஸ்டர் காது சிவக்க எழுந்து நின்றார். எழுந்து நிற்கத் தேவையில்லை என்று யாரோ சொன்னார்கள்.

"உங்க மேல குத்தமில்ல சார். மூணாவது ஸ்லைடுல எனக்கு ஒரு சந்தேகம் வரும். கேக்கலாமா வேணாமான்னு யோசிக்கறதுக்குள்ள நீங்க ஒன்பதாவதுக்குப் போயிருப்பீங்க. அப்புறம் முழிச்சிருந்து என்ன பண்றது?"

அடுத்து மொழி ஆசிரியை பேசினார். தன் கடைசிப் பீரியடிலும் இதே கதைதான் என்றார். பிள்ளைகள் தூங்கினால் தான் குரலை உயர்த்துவதாகவும், அவர்கள் அதற்கேற்பக் குறட்டையை உயர்த்துவதாகவும் சொன்னார். அதோடு மடை திறந்துகொண்டது. கணக்கு ஆசிரியர் தானும் மூன்றாவது வரியில் யாரையோ விட்டுவிட்டுத்தான் ஒன்பதாவது வரிக்குப் போவதாகச் சொன்னார். ஓரம் விட்டு எழுத வேண்டுமா என்று கேட்ட ஆசிரியை, ஒருநாள் தான் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றதையும், நெடுநேரம் கழித்து எப்போதும் பேசாத ஒரு பெண் பேசியதையும் சொன்னார். எவ்வளவு நேரம் பொறுத்தீர்கள், பிள்ளைகள் சிரிக்கவில்லையா, பாடம் முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று நான்கு பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். அக்காவும் கேட்டாள். கடிகாரத்தை மறந்தாள்.

ஸ்லைடு சாரால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. இதையெல்லாம் யாராவது எழுதி வைக்க வேண்டும் என்றார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். ஒவ்வொருத்தராகச் சொல்லுங்கள், கை வலிக்கிறது என்றார். சொன்னார்கள். எழுதினார். பலகை நிரம்பியது. சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று, அளவுகோலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாசிக்கத் தொடங்கினார்.

எல்லோரும் அமைதியானார்கள். யார் சொன்னது எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்தார்கள். ஒருவரும் தூங்கவில்லை.

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

6

முடிவுகள்.

அ. தலைமையாசிரியை ஒரே பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, புன்னகைத்து, கடைசி பெஞ்சில் வந்து

(அடித்துவிட்டேன். அவர் வந்தது வாசற்படி வரைக்கும்தான். அங்கிருந்து தெரிவது பலகை, அளவுகோல், ஒரு முதுகு, நாற்பது வாய்மூடிய முகங்கள்.)

ஆ. ஸ்லைடு சார் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, இனி இந்த வேலைக்கு நான் தேவையில்லை என்று

(இதையும். நல்லவராக இருப்பதற்காக ஒரு மனிதர் வேலையை விட வேண்டுமா என்ன?)

இ. அக்கா எழுந்து பேசுகிறாள். அழுத்தமாக. கண்கள் கலங்க

(நிபந்தனை.)

அதற்கப்புறம் உண்மையில் என்ன நடந்தது என்று அக்காவிடமே கேட்டேன். அவள் ஆசிரியை. முதலில் நீ எழுதிக் காட்டு, அப்புறம் திருத்தித் தருகிறேன் என்றாள். தாளைக் காலியாகக் கொடுத்தாலும் மதிப்பெண் உண்டா என்றேன். ஃபோனை வைத்துவிட்டாள்.

நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கு வேண்டியதெல்லாம் அறையில் இருக்கிறது. ஒன்றை மட்டும் நான் கூட்டவோ குறைக்கவோ இல்லை: திறந்த கதவு, அங்கே நின்று தலைமையாசிரியை கேட்டது, அதைக் கேட்டதும் ஸ்லைடு சாரும் அக்காவும் பி.டி. மாஸ்டரும் பதில் சொல்ல ஒரே நேரத்தில் வாயைத் திறந்தது.

"இங்க இப்ப யாரு யாருக்குப் பாடம் நடத்திக்கிட்டு இருக்கீங்க?"