லிங்கர் தேடிய பெயர்

ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். முதலாளி குமாரசாமி, கருவிகளைப் பொருத்தும் மலையாளி சுபின், புரோகிராம் எழுதும் கலைமதி. எமரால்டு என்ற ஊர்ப் பக்கத்துக் கேரட் தோட்டங்களுக்கு உறைபனி அலாரம் செய்து கொடுப்பது தொழில். குளிர் பூஜ்ஜியத்தை நெருங்கினால் விவசாயியின் போன் அடிக்கும். அவர் எழுந்து தண்ணீர் தெளித்துப் பயிரைக் காப்பாற்றிக்கொள்வார்.

மார்கழி பிறக்கும் நேரத்தில் குளிரை அளக்கும் பழைய சென்சார் கிடைக்காமல் போய்விட்டது. புதிதாக வாங்கியதோடு, அதை இயக்க அந்தக் கம்பெனிக்காரர்கள் எழுதிய லைப்ரரி என்ற புரோகிராம் தொகுப்பும் வந்தது. அதைக் கலைமதி தன் புரோகிராமோடு சேர்த்தபோதுதான் வினை பிடித்தது.

முதலில், எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று சொல்லும் ஹெடர் ஃபைலைக் காணோம் என்றது. இருக்கும் இடத்தைக் காட்டினாள், அடங்கியது. அடுத்து, துண்டுகளையெல்லாம் ஒன்றாகக் கோக்கும் லிங்கர் மல்லுக்கு நின்றது. சென்சாரைத் திறக்கும் ஃபங்ஷன் என்ற புரோகிராம் துண்டைக் கூப்பிடுகிறாய், அப்படி ஒன்று எங்கேயுமே இல்லையே என்று திரை நிறைய எரர் கொட்டியது. லைப்ரரியின் பெயரைக் கோக்கும் கட்டளையின் கடைசிக்குத் தள்ளிப் பார்த்தாள். தங்கள் அலாரக் கருவியின் போர்டுக்காகக் கட்டியதுதானா என்று பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எரர் மட்டும் அசையவில்லை.

"லைப்ரரியே கேடு. எடுத்து வீசு கலை," என்றான் சுபின்.

குமாரசாமிக்குக் கவலை. "ஏம்மா, பெங்களூர்ல யாரையாச்சும் கூப்பிட்டுக் கேக்கட்டுங்களா? ரமேஷ்குமார் தோட்டத்துல நாளைக்கு மாட்டியாகணும்."

"மத்தியானம் வரைக்கும் குடுங்க சார். அது இல்லேன்னு சொல்றது எதைன்னு நான் பாத்துடறேன்."

எரரைத் திட்டுவதை விட்டுவிட்டு, அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு லைப்ரரியைப் பிரித்து, அதற்குள் இருக்கும் ஃபங்ஷன் பெயர்களை வரிசையாக எடுத்தாள். திறக்கும் ஃபங்ஷன் அங்கே இருந்தது, வெறும் பெயராக. அவள் புரோகிராம் கேட்ட பெயரிலோ முன்னால் ஒரு இசட், ஒரு பதினொன்று, பின்னால் ஒரு ஒட்டு. கலைமதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், அவங்க சி-ங்கற கம்ப்யூட்டர் மொழியில எழுதியிருக்காங்க. நான் எழுதறது சி பிளஸ் பிளஸ். என் கம்பைலர் ஒவ்வொரு ஃபங்ஷன் பேருக்கும் வால் ஒட்டிடுது. அவங்களோடதுல வால் இல்ல. எங்கப்பாவுக்கு எஸ்டேட்ல ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு. ரெண்டும் ஒருத்தர்தான்னு யாராச்சும் சொல்லணுமில்ல?"

அதைச் சொல்வதற்கென்று ஒரு வரி உண்டு. 'இவை சி பெயர்கள், வால் ஒட்டாதே' என்ற அந்த வரியை ஹெடரில் சேர்த்தாள். மறுபடி ஓட்டினாள். ஒரு எரர்கூட இல்லை. திரையில் அறையின் குளிர் வந்து நின்றது: பதினான்கு டிகிரி.

சுபின் கீழே மீன்கடைக்கு ஓடி ஒரு கை ஐஸ் அள்ளி வந்தான். சென்சாரை அதற்குள் புதைத்தார்கள். எண் இறங்கிக்கொண்டே வந்தது. குமாரசாமியின் சட்டைப் பையில் போன் அலறியது. அவர் அதை எடுக்காமல், அடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

"ஞான் இத எப்பவோ விட்டிருப்பேன்," என்றான் சுபின், மீன் வாடை அடித்த கையைத் துடைத்தபடி.

அடுத்த வாரமே எமரால்டில் பனி கொட்டியது. விடிந்ததும் ரமேஷ்குமார் கூப்பிட்டார். "பக்கத்துத் தோட்டமெல்லாம் கருகிப்போச்சுங்க. நம்முளுது பச்சையா நிக்குது. எழுப்பி உட்டதே உங்க பெட்டிதானுங்க."

அன்றே கலைமதி தன் திருத்தத்தை லைப்ரரி எழுதியவர்களுக்கு அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள். புதிய பதிப்பின் குறிப்பில் திருத்தியவர் என்று அவள் பெயர் வந்தது.

எஸ்டேட் வேலை முடிந்து குந்தாவில் லயத்து வீட்டுக்குத் திரும்பிய அம்மா பாலாமணியிடம் அந்தக் குறிப்பைத் திறந்து போனை நீட்டினாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டத் தெரியும். அவ்வளவுதான்.

"இத யாரெல்லாம் பாப்பாங்க?"

"அந்த சென்சார் வாங்குற எல்லாரும். எந்த நாடா இருந்தாலும்."

பாலாமணி போனைத் திருப்பித் தரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுத் தெய்வம்மாவிடம் காட்டப் போனாள்.