பாதி வந்த அழைப்பிதழ்

1

இந்தக் கதையை நான் யோசிக்கவில்லை. அடித்துப் பேசி வாங்கினேன். சின்னசேலம் ரயில் நிலையத்தில், வராத வண்டிக்குக் காத்திருந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் சொன்னது. “எழுதிக்கட்டுமா?” என்றேன். “எழுதிக்கோங்க. ஆனா கதையில எனக்கு முடி இருக்கணும்” என்றார். நெற்றி வரைக்கும் கேட்டார். காதோரம் மட்டும் தருவதாகச் சொன்னேன். கடைசியில் உச்சி வரை என்று படிந்தது.

அவருக்குச் சுப்புராயன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உச்சி வரை முடி உள்ளவர். கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில் ஃபிளக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். சாவு, சடங்கு, பிறந்தநாள் எதுவானாலும் சிரித்த முகமாகவே அடித்துத் தருவார்.

2

முதல் தொடக்கம்: கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கி

(வேண்டாம். மேகத்தில் தொடங்கினால் நான் கீழே இறங்கிவர நாலு பக்கம் ஆகும்.)

இரண்டாம் தொடக்கம்: வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில், கரியாலூரில் ஏறி, கடைசி வரை நின்றபடியே வந்த நிர்மலா, காலை பதினோரு மணிக்குச் சுப்புராயன் கடைக்குள் நுழைந்து கேட்டார்: “அண்ணே, இருபத்தேழு வருசம் முன்ன நீங்க அடிச்ச கல்யாணப் பத்திரிகை ஒண்ணு வேணும்.”

“யாரு கல்யாணம்மா?”

“என்துதான்.”

புருஷன் இருசப்பன் கள்ளக்குறிச்சி மண்டியில் மூட்டை தூக்கியவர். ஆடியில் இறந்துபோனார். மலையில் அவர் பேரில் ஒன்றரை ஏக்கர் இருந்தது. நிர்மலா கட்டிய மனைவியே இல்லை, சும்மா கூட இருந்தவள் என்று கொழுந்தன் மனு கொடுத்துவிட்டார். வாரிசுச் சான்றிதழுக்கு அன்று மதியம் மூன்று மணிக்குத் தாலுக்கா ஆபீசில் விசாரணை. பத்திரிகை இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அடித்ததே இருபத்தைந்துதான், வீட்டில் இருந்த ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது.

“கல்யாணத்துக்கு வந்த ஜனங்களைக் கூட்டிக்கினு போயேன்” என்றார் சுப்புராயன்.

“பாதிப் பேரு செத்துட்டாங்க, அண்ணே. மீதிப் பேரு கொழுந்தன் வூட்டுல சாப்ட்டுக்கினு இருக்காங்க.”

3

சுப்புராயன் மனைவி விஜயலட்சுமியை டீ கொடுத்துவிட்டு உள்ளே போகிற ஆளாகத்தான் வைத்திருந்தேன். அந்த அம்மாள் போகவில்லை. கடையில் மவுஸைப் பிடிப்பதே அவர்தான் என்பதை மூன்றாவது திருத்தத்தில்தான் கண்டுபிடித்தேன்.

“இதுக்கா இவ்ளோ தூரம் வந்தே? தேதியச் சொல்லு, பேரச் சொல்லு. அஞ்சு நிமிசத்துல அடிச்சித் தரேன். டீத்தண்ணியில முக்கி எடுத்தா பழசாயிடும்.”

“அடி இவளே, போலி அடிச்சான்னு என்னை உள்ள வைக்கவா?” என்றார் சுப்புராயன்.

“நடந்த கல்யாணத்துக்கு இன்னாங்க போலி?”

விஜயலட்சுமி கட்சியில்தான் நானும் இருந்தேன். கதை கட்டும் என் பிழைப்பும் ஐந்து நிமிடமும் டீத்தண்ணியும்தானே. ஆனால் நிர்மலா தலையை ஆட்டினார்.

“வேணாங்கக்கா. கொழுந்தன் சொல்றது பொய்யினு சொல்லப் போறவ, கையில ஒரு பொய்ய வச்சிக்கினு எப்படிப் போவேன்? அடிச்சதே இருந்தா குடுங்க.”

இருந்தது. மேசைக்கு அடியில், பசை வாளியைத் தலையில் சுமந்தபடி.

4

அது சுப்புராயனின் முதல் கணினி. பத்திரிகை வாசகங்களை எல்லாம் அதில் அடித்து வைத்திருந்தார். திரையில் நடுவே ஒரு வெள்ளைக்கோடு மட்டும் எரியும், எழுத்து தெரியாது. ஃபிளாப்பி போடும் வாயில் பல்லி முட்டை. பக்கவாட்டில் நாலு தட்டு தட்டியதும் உள்ளே ஏதோ இருமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது.*

அதில் ஒரு மென்பொருள் இருந்தது. சின்னக் கணினியை டெலிபோன் கம்பி வழியாகத் தொலைதூரத்துப் பெரிய கணினியோடு பேச வைப்பது அதன் வேலை. எந்த ஊரிலோ யாரோ எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம், பிறருக்குக் கொடுக்கலாம், காசு வாங்கக் கூடாது என்று விட்டுவிட்டார்கள். அதைக் கொண்டுவந்து போட்டவரிடம் சுப்புராயன் அன்று கேட்டாராம்: “சும்மாவா? அப்ப எதையோ நம்ம தலையில கட்டுறான்.” மூன்று மாதம் பில்லுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. பிறகு பயம் கம்மியாகி, சேலத்து அச்சகத்துக்கு அதன் வழியாகத்தான் வாசகங்களை அனுப்பினார்.

(பேரம் பேச எதிராளி இல்லாத பொருளை எப்படி வாங்குவது? எங்கள் கடைத்தெருவில் இதற்குப் பழக்கம் கிடையாது. எவ்வளவு குறைத்தாலும் சும்மா என்பதற்குக் கீழே போக முடியாது என்பது கொஞ்சம் அவமானமாகக்கூட இருக்கும்.)

* ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டலாமே என்பீர்கள். அணைத்தால் அது மறுபடி எழுந்திருக்கும் என்று சுப்புராயன் உத்தரவாதம் தரவில்லை. நானும் தர மாட்டேன்.

5

இன்றைக்கும் சும்மா கிடைக்கிற அதே மென்பொருளை விஜயலட்சுமியின் லேப்டாப்பிலும் போட்டு, அதையும் பழைய கணினியையும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். தொலைதூரத்துக்கு என்று செய்த மென்பொருளுக்கு இப்போது ஒரு சாண் தூரம். சுப்புராயன் திரையைப் பார்க்காமல், பழைய விரல்களால் இரண்டு கட்டளை அடித்தார். லேப்டாப்பில் கோப்புகளின் பட்டியல் ஓடிவந்தது.

“இருசப்பன்னு மூணு இருக்குதேம்மா!”

“வருசத்தப் பாருங்கண்ணே.”

பார்த்தார்கள். ஒன்றுதான் பொருந்தியது.

செங்கல் லாரியில் இருந்து கல் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே இருப்பவர் ஒன்று போடுவார். கீழே இருப்பவர் பிடித்து வைத்துவிட்டுக் கையை நீட்டினால்தான் அடுத்தது வரும். அந்த மென்பொருளும் அப்படித்தான். ஒரு துண்டு அனுப்பிவிட்டு, வந்ததா என்று கேட்கும். வந்தது என்று பதில் கிடைத்தால்தான் அடுத்த துண்டு. நல்ல நாளில் கண் சிமிட்டுவதற்குள் முடிகிற சின்னக் கோப்பு. அன்று தேய்ந்த டிஸ்க் ஒவ்வொரு துண்டையும் உருண்டு புரண்டு தேடியது.

“நவுந்துக்கினுதான் இருக்குது” என்றார் விஜயலட்சுமி.

பிறகு டக், டக் என்று இரண்டு சத்தம். சுற்றுவது நின்றுவிட்டது. லேப்டாப் மட்டும் விடாமல் கையை நீட்டிக் கேட்டது: அடுத்தது? அடுத்தது?

சுப்புராயன் தட்டினார். குத்தினார். “எழுந்திருடா, அப்பனே” என்று கெஞ்சினார். அது எழவில்லை.

பாதியில் நின்றாலும் வந்தவரை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அந்த மென்பொருளில் இருந்தது, செய்தவர் புண்ணியவான். விஜயலட்சுமி திறந்தார். எல்லாம் கிறுக்கல் ஆங்கிலம். பழைய தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்ததும் வரிகள் ஒவ்வொன்றாகத் தமிழாகின. சாமி பேர், தேதி, கோயில். கடைசி வரி:

*எங்கள் மகன் இருசப்பனுக்கும், கரியாலூர் பாவாடை அவர்களின்*

அவ்வளவுதான்.

“உங்கப்பா பேரு வந்துடுச்சே, போதாதா?” என்றார் விஜயலட்சுமி.

“எங்கப்பனுக்கு நாலு பொண்ணுங்கக்கா.”

6

இங்கே நான் கடையை இழுத்து மூடிவிடலாம். முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) சுப்புராயன் யாரும் பார்க்காதபோது ‘மூன்றாவது மகள் நிர்மலாவுக்கும்’ என்று தட்டுகிறார். உண்மைதான், எவருக்கும் நஷ்டமில்லை.

ஆ) கடைசித் தட்டில் டிஸ்க் உயிர்பெற்று

(இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.)

அ-வைத்தான் முழுசாக எழுதினேன். சுப்புராயனின் விரலைக் கீபோர்டுக்கு மேலே நிறுத்தியும் வைத்தேன். நிர்மலா அந்த விரலைப் பார்த்துவிட்டார்.

“எதையும் சேக்காதீங்கண்ணே. வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டாப்லயே அடிங்க.”

“பாதிப் பத்திரிகைய எடுத்துக்கினு போய் இன்னா பண்ணுவே?”

“மீதி எடம் காலியாவே கெடக்கட்டும். நான் போயி அங்க நின்னுக்கிறேன்.”

விஜயலட்சுமி அப்படியே அச்சடித்து, தாள் மடங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார். நிர்மலா என்ன தரவேண்டும் என்று கேட்டதற்கு, “போய்ட்டு வா முதல்ல” என்றார். பிறகு அவரே செருப்பை மாட்டிக்கொண்டு, “இரு, நானும் வரேன். அடிச்ச கடைக்காரின்னு சொல்றேன்” என்று கூடவே இறங்கிவிட்டார். நான் எழுதியதல்ல அது.

7

தாலுக்கா ஆபீசுக்குள் நான் போகவில்லை. சுப்புராயன் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் வண்டி வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கத் துணிச்சல் வரவில்லை.

ஆகவே, மணி மூன்று. மேசைக்கு அந்தப் பக்கம் உள்ள விசாரணை அதிகாரியின் நாற்காலியை உங்களுக்கு விட்டிருக்கிறேன். மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். வலது பக்கம் கொழுந்தன், சாட்சிகளோடு, முழுசான தாள்களோடு. இடது பக்கம் இரண்டு பெண்கள். ஒருவர் உறையில் இருந்து பாதித் தாளை எடுத்து உங்கள் முன்னால் வைக்கிறார். கடைசி வரியை வாசித்துவிட்டு நிமிர்கிறீர்கள்.

அவர் நின்றுகொண்டிருக்கிறார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.