முற்றத்து ஒத்திகை
"ஏட்டி, கம்பிய இன்னும் கொஞ்சம் முறுக்கு. தவள கத்துத மாதிரி இருக்கு," என்றார் ஞானையன், கட்டிலில் சாய்ந்தபடியே. மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்குக் காது மட்டும் அப்படியே இருந்தது.

பூங்கனி முறுக்காணியைத் திருகினாள். செல்லோ என்று பெயர். ஊருக்குப் பெரிய பிடில். மிஷன் மதாம்மா சீமைக்குப் போகும்போது சபைக்குக் கொடுத்தது. அன்றிலிருந்து அதை வாசிப்பவர் அவள் அப்பா ஞானையன்தான். இந்த வருடம் டாக்டர் அவரை எழுந்திருக்கவே கூடாது என்றுவிட்டார். வருகிற சனிக்கிழமை சபை வாத்தியக் குழுவின் முதல் கச்சேரி. அப்புறம் கிறிஸ்துமஸ் வரை வாரம் ஒரு சபையாக இராஜாக்கமங்கலம் வரைக்கும் போகவேண்டும். போன வருடம் மாநில எல்லைத் தகராறில் கச்சேரி ஒன்றுமே நடக்காததால் சனம் காத்துக் கிடந்தது.

பெரிய பிடிலுக்கு வேறு ஆள் கிடையாது. பூங்கனி இருந்தாள். குழுவை நடத்துகிற செல்வதாஸ் வாத்தியார்தான் பிடிகொடுக்கவில்லை.

"கால அகட்டி வச்சு வாசிக்கப்பட்ட சாமானாக்கும் இது. பொம்பளப்பிள்ளைய சபையில அப்படி இருத்துனா மூப்பருமாரு என்னைய சும்மா விடுவாவளா?"

ஞானையன் விடுகிற ஆளா! முழங்கால் இரண்டையும் ஒருபக்கமாகத் திருப்பி உட்கார்ந்து, வாத்தியத்தைத் தோளில் சாய்த்து வாசிக்க மகளைப் பழக்கிவிட்டார். இடுப்பு ஒடிகிற மாதிரி வலித்தது. வலித்தால் வலிக்கட்டும், வாத்தியார் வாயை அடைக்க வேண்டுமே. இன்றைக்கு எல்லாரையும் வாத்தியங்களோடு வீட்டு முற்றத்துக்கே வரவழைத்தாயிற்று.

"கேட்டுட்டுச் சொல்லும் ஓய். நான் இங்ஙன கெடந்து கேக்கேன், எனக்கு அது போதும்."

பிடில்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யூஜின் புல்லாங்குழலை வேட்டியில் துடைத்தான். வாத்தியார் கட்டிலுக்கு முதுகு காட்டி நின்று குச்சியை உயர்த்தினார்.

முதல் பகுதியில் பூங்கனி ஓர் இடத்தில் பிந்தினாள். வாத்தியாரின் புருவம் ஏறியது. பிறகு கைக்குப் பிடிபட்டது. அடித்தொண்டை நாதம் முற்றத்தில் இறங்கியபோது அவளுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது; அம்மா ராகேல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பகுதியின் நடுவில் மறுபடி பார்த்தபோது விரல் நின்றிருந்தது. முகம் இவள் பக்கம் திரும்பியிருந்தது. உதட்டில் சிரிப்பு மிச்சம் இருந்தது.

அம்மாவைப் பார்த்தாள். அம்மா நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. இன்னொரு கையை மட்டும் மடியிலிருந்து உயர்த்தி, வாசி, வாசி என்று அசைத்தாள்.

அந்தத் தெருவில் உயிர் போன நொடியே பெண்டாட்டி அலறவேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ஆயுசுக்கும் அவளைப் பேசியே தின்றுவிடுவார்கள். அம்மா அலறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பூங்கனிக்குத் தெரியும், நிறுத்தினால் இன்னொரு தடவை கேட்க வாத்தியார் வரமாட்டார். வாசித்தாள். கண்ணீர் பிடில் மரத்தில் விழுந்து வழிந்தது. கடைசிப் பகுதியில் மற்றவர்கள் ஓய்ந்து செல்லோ மட்டும் தனியே போகவேண்டும். போனாள், பிசகாமல், முடிவு வரை.

வாத்தியார் மூக்கை உறிஞ்சினார்.

"ஓய் ஞானையன், உம்ம மகளு..." என்று திரும்பியவர் கையிலிருந்து குச்சி நழுவியது. பிடில்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

ராகேல் கணவரின் கண்களை மூடினாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாத்தியாரே, சனிக்கிழம இவ வருவாளா, மாட்டாளா?"

"ராகேலு, இப்பம் போயி..."

"இப்பமே சொல்லிப்போடுங்க. எனக்கு அழணும்."

வாத்தியார் பூங்கனியைப் பார்த்தார். வில் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"வருவா," என்றார்.

ராகேல் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி, அழ ஆரம்பித்தாள்.