மங்கம்மாள் மேடையில் சொன்னது

மகன் செத்த கதையை இதுவரை எத்தனை மண்டபத்தில் சொல்லியிருப்பாள் என்று மங்கம்மாளுக்கே தெரியாது. வேலூர், ஆரணி, ஒருமுறை சென்னையில் ஏசி போட்ட பெரிய ஓட்டல். எங்கே போனாலும் அதே சாயம் போன பச்சைப் புடவைதான். புதுசு கட்டினால் கேட்கிறவர்களுக்கு மனசு இளகாது என்று கல்லூரி முதல்வர் பாண்டுரங்கன் பக்குவமாகச் சொல்லியிருந்தார். அவர் ஒன்றும் கெட்ட மனுஷர் இல்லை. பல்கலைக்கழகத்தின் மருந்தியல் கல்லூரிக்கு மேலிடத்திலிருந்து வருகிற பணம் சுண்ணாம்பு அடிக்கக்கூடக் காணாது. மாத்திரையைச் சோதிக்கிற மிஷின் ஒன்றே ஒன்று, அதுவும் பாதி நாள் படுத்துக்கொள்ளும். பணக்காரர்களிடம் கட்டட வரைபடத்தைக் காட்டிப் பார்த்தார், ஒருத்தரும் அசையவில்லை. மங்கம்மாளைக் காட்டினார், செக் புத்தகம் திறந்தது.

கதை சின்னதுதான். மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், ஜீப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். ஆறு வயது வெற்றிவேலுக்குக் காய்ச்சல். பெட்டிக்கடையில் கொடுத்த மாத்திரை பெரியவர்கள் சாப்பிடுகிறது. அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. மங்கம்மாள் தன் கையாலேயே கரைத்துக் கொடுத்தாள். பிள்ளை துவண்டதும் முதுகில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். ஜீப் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முதல் மேடையில் இதை இப்படியேதான் சொல்லிவிட்டு இறங்கினாள். அப்புறம் பாண்டுரங்கன் கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பனிட்டார். இந்த இடத்தில் நிறுத்துங்கம்மா, இங்கே தலைப்பால் கண்ணைத் துடைச்சுக்குங்க. போகப்போக, சாகும் முன் பையன், "அம்மா, என்னை எப்படியாவது காப்பாத்தும்மா" என்று கெஞ்சியதாக ஒரு வரியும் சேர்ந்துகொண்டது. அந்த வரி வந்ததும் மண்டபமே அழும்.

இதற்குக் கைமாறு என்று யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. மகள் ரம்யா அதே கல்லூரியில் ஃபீஸ் இல்லாமல் படிக்கிறாள், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை உடம்பு முடியவில்லை என்று மங்கம்மாள் கூட்டத்துக்குப் போகவில்லை. உடனே ரம்யாவிடம் ஹாஸ்டல் பாக்கி கேட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு இவள் காய்ச்சலோடு போய் நின்றாள். பாக்கிப் பேச்சு அத்தோடு நின்றது.

இப்போது வம்பு மலையேறி வந்தது. நூல்மில் முதலாளி குணசீலன் ஆய்வுக்கூடம் ஒன்றை முழுசாகக் கட்டித் தரத் தயார். கட்டடத்துக்கு அவர் அப்பா பெயர். ஆனால் பையன் செத்த இடத்தை நேரில் பார்த்து, தாய் வாயால் அங்கேயே கேட்க வேண்டுமாம். ஆசைப்பட்டது ஒரு தினுசுதான், ஆனால் பணம் அவருடையது.

ரோட்டோரப் புளியமரத்தடியில் ஜீப்புகள் வந்து நின்றன. ஊரே திரண்டிருந்தது. வெளியூர் மேடைகளில் கூசாத நாக்கு மங்கம்மாளுக்கு இங்கே கூசியது. இவர்கள் எல்லோரும் அன்றைக்கு இருந்தவர்கள். ஓரமாக நின்ற ரம்யாவைப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். காப்பாத்தும்மா என்ற இடம் வந்ததும் வழக்கம்போலக் குரல் தானாக உடைந்தது.

"இன்னா மங்கா, அவன் எப்ப அப்டி சொன்னான்?"

கேட்டது ஓரகத்தி செல்லியம்மாள். அன்றைக்கு இவள் கூடவே ஓடிவந்தவள்.

பாண்டுரங்கன் சட்டென்று கைதட்டினார். ஜீப்பில் வந்தவர்களும் தட்டினார்கள். சாவுக் கதைக்குக் கைதட்டுகிற ஜனங்களை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. குணசீலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கட்டிடலாம் சார்" என்றார். பிறகு மரத்தடியில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னார்.

மங்கம்மாள் நழுவிப் போய்ச் செல்லியம்மாளின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நெஜமா அவன் இன்னா சொன்னான்?"

"இன்னாடி கேக்கற? உன் முதுவுல கெடந்துதான சொன்னான்?"

"எனக்கு ஞாபகம் இல்லக்கா."

பெற்றவள் சொல்லுகிற பேச்சா இது?

செல்லியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஜீப்பு வந்தா என்ன முன்னாடி சீட்டுல குந்த வெப்பியாம்மான்னு கேட்டான். டிரைவர் மடியிலயே குந்த வெக்கறேன்டான்னு நீ சொன்ன. சிரிச்சான். அப்பறம் பேசவே இல்ல."

பிடரியில் பட்ட சூடான மூச்சு, சிரிப்பில் லேசாகக் குலுங்கிய உடம்பு, எல்லாம் மங்கம்மாளுக்குத் திரும்பி வந்தன. அய்யோ என் சாமி என்று புடவையை வாயில் அடைத்துக்கொண்டாள். மேடை மேடையாக அழுதவள் அன்றைக்குத்தான் அழுதாள். அந்த அழுகை அவளுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதைச் சொல்லி மாளாது.

அம்மாவைக் கூப்பிட வந்த ரம்யா பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் பாண்டுரங்கன். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"இதை ஏம்மா இத்தனை நாளா சொல்லல? அந்தக் காப்பாத்தும்மாவை எடுத்துடலாம். இதுதானே உண்மை? அடுத்த மாசம் வேலூர்ல இதையே சொல்லுங்க."

"அது மட்டும் வாணாம் சார். அது எங்கிட்டயே இருக்கட்டும்."

"உங்க இஷ்டம்மா" என்றார். பிறகு ரம்யாவிடம் திரும்பி, "உனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கில்ல?" என்று கேட்டார். குரலில் மிரட்டல் ஏதும் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். ரம்யா தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லும்மா என்றும் சொல்லவில்லை, வேணாம்மா என்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் மங்கம்மாளுக்கு என்ன வழி இருந்தது?

வேலூரில் சொன்னாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று இந்தத் தடவை யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. டிரைவர் மடி என்றதும் முன்வரிசையில் ஒரு அம்மாள் வாய்விட்டே அழுதார். அதுவரை கிடைக்காத அளவுக்கு அன்றைக்கு நன்கொடை கிடைத்தது என்று பாண்டுரங்கன் கையெடுத்துக் கும்பிட்டார்.

மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மங்கம்மாள் கண்ணை மூடினாள். பையன் கேட்டதை ஒருதரம், ஒரே ஒருதரம் காதில் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. ஜீப்பு வந்தா என்று ஆரம்பித்தது. அது மைக்கில் முழங்கிய அவளுடைய குரலாகவே இருந்தது. அதன் பின்னாலேயே கைதட்டலும் வந்தது.