பாட்டாய்ப் படித்த இறந்தகாலம்

"பாடாம சொல்லுங்க" என்றார் டியூஷன் சென்டர் மேலாளர்.

பிரெஞ்சு படிக்க வந்த வெல்டர் எழுந்து நின்றார். கண்களை மூடிக்கொண்டு தொடையில் விரலால் தாளம் போட்டார். உதடுகள் முணுமுணுத்தன. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நேத்து என்ன செஞ்சீங்கன்னு பிரெஞ்சுல சொல்ல இவ்வளவு நேரமா? இவரைப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது." பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார்.

பிரெஞ்சு டீச்சருக்குச் சுர்ரென்று கோபம் தலைக்கேறியது. அந்தப் பரீட்சையில் தேறினால்தான் வெல்டர் தன் மனைவியிடம் போக முடியும். அவள் பிரெஞ்சு பேசும் ஊரில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டு, கைக்குழந்தையோடு தனியாக அல்லாடுகிறாள். பெயர் அனுப்ப அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி.

வகுப்பு கலைந்ததும் டீச்சர் மேலாளர் அறைக்குள் புகுந்தாள்.

"சார், அவருக்கு எல்லாம் தெரியும். இறந்தகால வினையெல்லாம் நான் பாட்டாச் சொல்லிக்குடுத்தேன், அவ்வளவுதான்."

"பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணக்கு கிளாஸ், இந்தப் பக்கம் உங்க கச்சேரி. பரீட்சையில போய் ஆர்மோனியம் கேப்பாரா?"

"நீங்க கூட்டல் போடறப்ப விரல் மடக்கறதில்லையா?"

"அஞ்சு வரைக்கும் இங்கதான் இருப்பேன். முடிஞ்சா பேச வைங்க."

கதவை அறைந்துவிட்டு வெளியே வந்தாள். வெல்டர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நேத்து என்ன வாங்கினீங்க? பிரெஞ்சுல!"

அவர் மறுபடி பாட்டின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முப்பது வரிப் பாட்டை ஒருநாளாவது நடுவிலிருந்து பாட வைத்திருக்கிறாளா? கோபம் அப்படியே திரும்பி அவள்மேலேயே பாய்ந்தது.

"ஏழாவது வரி! இல்ல, பன்னெண்டு! யோசிக்காதீங்க, சொல்லுங்க!"

"டீச்சர், நீங்க போடற சத்தத்துல இரும்பே உருகிடும். எனக்குப் பாதி வேலை மிச்சம்." தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "முதல்ல குடிங்க. நான் எங்க ஓடிடப் போறேன்?"

குடித்தாள். தொண்டை நனைந்தது, கோபம் நனையவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் இருவரும் மேலாளர்முன் நின்றார்கள்.

"நேத்து என்ன செஞ்சீங்க?"

வெல்டரின் விரல் மெல்லத் தொடையைத் தட்டியது. 'மேலாளர் மறுபடி ஏதாவது சொல்லட்டும், இன்றைக்கு அவரை விடப்போவதில்லை' என்று டீச்சர் பல்லைக் கடித்தாள்.

மேலாளர் அந்த விரலைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். சுத்தமான கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். அவசரப்படுத்தவே இல்லை.

விரல் நின்றது. வெல்டர் சொன்னார்: நேற்று ஒரு இரும்புக் கதவு செய்தேன், மனைவியோடு பேசினேன், சீக்கிரம் தூங்கிவிட்டேன். மூன்றும் பிரெஞ்சில்; தாளமில்லாமல்.

"ஒரு தப்பு இருக்கு. திருத்திவிடுங்க, டீச்சர்." மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடித்த பெயருக்குக் கீழே அதே பெயரைப் புதிதாக எழுதினார்.

டீச்சரின் வாய் நிறையச் சண்டை காத்திருந்தது. அதை விழுங்குவதற்குள் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"ரொம்ப நன்றி, சார்" என்றாள், சண்டைக்காரியின் குரலில். அப்படிச் சொன்ன நன்றியையும் கடவுள் கணக்கில் வைத்துக்கொள்ளத்தான் செய்வார்.