வெயிலுக்கு முன்னே சுற்றிய சக்கரம்

மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவனுக்குப் பேய்ப் பயம் இருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கரண்டோடு நாள் முழுக்கப் புழங்குகிறவன், கண்ணுக்குத் தெரியாததற்கெல்லாம் நடுங்கினால் பிழைப்பு நடக்குமா? நம்ம ஆளும் தைரியசாலிதான். அண்ணன் சாகிற வரைக்கும்.

அண்ணன் லேத் பட்டறை வைத்திருந்தார். அண்ணி வீட்டிலேயே துணி தைப்பவள். கரண்ட் போனால் தையல் மெஷின் நின்றுவிடும், அந்தத் தெருவிலோ கரண்ட் போகாத நாளே கிடையாது. "வெயில்லேர்ந்து கரண்ட் எடுத்துத் தர்றேன், இருந்து பாரு" என்று ஒருநாள் அண்ணியிடம் வீம்புக்குச் சொன்னவர், நிஜமாகவே மொட்டைமாடியில் ஸ்டர்லிங் இன்ஜின் கட்ட உட்கார்ந்துவிட்டார். பழைய டிஷ் ஆன்டெனா முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். அவை குவிக்கும் வெயிலில் ஓர் உருளையின் ஒரு முனை பழுக்கக் காய வேண்டும், மறுமுனை தண்ணீர் டிரம்முக்குள் குளிர்ந்து கிடக்க வேண்டும். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, பிஸ்டனைத் தள்ளிச் சக்கரத்தைச் சுற்றும். புகையும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. எல்லாம் முடிந்து, அந்தச் சுற்றிலிருந்து கரண்ட் எடுக்கும் டைனமோ மட்டும் பாக்கி இருந்தபோது, பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அதே வீட்டில் இருந்த தம்பி அந்த டைனமோவைக் கட்டினான். ஒரு மத்தியானம் கண்ணாடியைச் சூரியனுக்கு நேராகத் திருப்பி வைத்து, சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளினான். இந்த இன்ஜினின் குணம் அது. எவ்வளவு சூடு ஏறினாலும் தானாகக் கிளம்பாது, யாராவது ஒரு தள்ளு தள்ளிவிட வேண்டும். சக்கரம் பிடித்துக்கொண்டது. கீழே தையல் மெஷின் ஓடியது. அண்ணி துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அதோடு நின்றிருந்தால் நல்ல கதை. நிற்கவில்லையே.

ஒரு விடியற்காலை, கண்ணாடியைத் துடைக்கலாம் என்று மாடிக்குப் போனவன், சக்கரத்தில் படிந்திருந்த பனியையும் துணியால் வழித்தான். துணி போன பக்கமே சக்கரமும் போனது, போய்க்கொண்டே இருந்தது. வெயில் இல்லை. அதுவும் பின்பக்கமாகச் சுற்றுகிறது. அவன் இரண்டடி பின்னால் தள்ளி நின்றான். கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் உயிர் வந்தது. நேற்று முழுக்க ஓடியதில் டிரம் தண்ணீர் சூடேறியிருக்கிறது, சாக்கு சுற்றிய டிரம் என்பதால் ஆறவில்லை. திறந்த வெளியில் கிடந்த மேல்முனையோ பனியில் சில்லிட்டுவிட்டது. சூடும் குளிரும் இடம் மாறினால் சக்கரமும் திசை மாறத்தானே செய்யும்?

அட, இவ்வளவுதானா என்று துணியை அலச மாடியிலிருந்த தண்ணீர் டேங்க்குக்குப் பின்னால் போனான். அப்போது பார்த்து அண்ணி ஈரத்துணி வாளியோடு மேலே வந்தாள்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மெஷினையும் கையால் ஒரு சுற்று பின்பக்கமாகச் சுற்றிப் பார்க்காமல் ஓட்ட மாட்டார். எங்காவது இடித்தால் கைக்குத் தெரிந்துவிடும் என்பார். அண்ணியின் தையல் மெஷினையும் விட்டுவைத்ததில்லை. "நூல் சிக்கிக்கும்னு எத்தனை வாட்டி சொல்றது உங்களுக்கு" என்று அவள் கத்தாத நாள் குறைவு.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். சக்கரத்தையே பார்த்தாள்.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

டேங்க்குக்குப் பின்னால் நின்றவன் அப்போதே வெளியே வந்து, "அண்ணி, தண்ணி சூடு அண்ணி, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அண்ணன் போன பிறகு அந்தச் சிரிப்பை அவன் பார்த்ததே இல்லை. வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினான். மறுநாளும் அவளுக்கு முன்னால் மாடிக்குப் போய்ச் சக்கரத்தைப் பின்னால் தள்ளிவிட்டு ஒளிந்துகொண்டான். அதற்கு மறுநாளும் அப்படியே செய்தான். இரக்கப்பட்டு ஆரம்பித்தது, விட முடியாத வேலையாகிவிட்டது.

அண்ணி விடியலில் ஒரு கிளாஸ் டீயோடு மேலே போக ஆரம்பித்தாள். கைப்பிடிச் சுவரில் கிளாஸை வைத்துவிட்டுச் சக்கரத்தோடு பேசினாள். நேற்று யார் என்ன தைக்கக் கொடுத்தார்கள், மகள் கணக்கில் எவ்வளவு மார்க் என்று எல்லாமே சொன்னாள். வெயில் ஏறி மேல்முனை சூடானதும் சக்கரம் தயங்கி நின்றுவிடும். அவள் ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டு இறங்கி வருவாள். அதற்குப் பிறகு நாள் முழுக்க யாரிடமும் பேச்சு கிடையாது. ஆள் துரும்பாக இளைத்துவிட்டாள். தைக்க வந்த துணிகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன.

அண்ணியின் அக்கா வேறு ஊரில் தையல் யூனிட் நடத்துகிறாள். "பத்துப் பேரை வெச்சு வேலை வாங்கற பொறுப்பு உனக்கு, பிள்ளைக்குப் பக்கத்துலயே ஸ்கூல், மூட்டையைக் கட்டிட்டு வா" என்று போன் மேல் போன் போட்டாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வரவில்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டாள்.

"அவர் இங்க இருக்கறப்ப நான் எப்படிப் போறது?" என்றாள் அண்ணி, தம்பியிடம்.

அவன் வேலைக்குக் கிளம்பிப் போனான்.

நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அண்ணன் மகள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சித்தப்பா, அந்தச் சக்கரத்தைக் கழட்டிடுங்க."

"ஏம்மா?"

"அம்மா அதுகிட்ட மட்டும்தான் பேசறாங்க."

ஈட்டியால் குத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். செத்தவனுக்கு உயிர் கொடுக்கிறேன் பேர்வழி என்று, உயிரோடு இருப்பவளை அல்லவா கொஞ்சம் கொஞ்சமாகப் புதைத்துக்கொண்டிருக்கிறான்? நாளை மாடிக்குப் போவதில்லை என்று முடிவு செய்தான். சக்கரம் நின்றிருப்பதைப் பார்ப்பாள், அழுவாள். அழுது முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பட்டும்.

விடியலில் விழித்தும் பாயை விட்டு எழவில்லை. எதிரே கட்டிலில் பிள்ளை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். குளியலறையில் குழாய்த் தண்ணீர் கொட்டியது, அண்ணி பல் விளக்குகிறாள். வீட்டில் வேறு ஆள் இல்லை.

மேலே டக், டக், டக் என்று சக்கரம் சுற்றியது.

குழாய் நின்றது. அண்ணியின் காலடி படியேறிப் போனது. அவன் பாயை உதறிவிட்டுப் பின்னாலேயே போனான்.

மாடியில் காற்று துளிகூட இல்லை. கொடியில் துணிகள் அசையாமல் தொங்கின. சக்கரம் நிதானமாகப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணி அதன் முன்னால் நின்றாள். இன்று கையில் டீ இல்லை.

"நீதானே தம்பி?" என்றாள், திரும்பாமலே.

"என்ன அண்ணி?"

"முந்தாநாள் டேங்க்குக்குப் பின்னாடி உன் சட்டை நுனி தெரிஞ்சுது. அப்பவே புரிஞ்சுபோச்சு. உன்மேல அப்படி ஒரு கோவம் வந்துச்சு. அப்புறம் அழுகை வந்துச்சு. எனக்காக ராத்திரித் தூக்கம் கெட்டு இந்தக் கூத்தடிக்கறியேன்னு."

அவன் ஓரடி முன்னால் வந்தான்.

"நேத்தே அக்காகிட்ட வர்றேன்னு சொல்லலாம்னு போனை எடுத்தேன். மனசு கேக்கல. ஒருவேளை ஒரே ஒரு நாளாவது அவரா இருந்துட்டா? அவரைத் தனியா விட்டுட்டு எப்படிப் போவேன்?" இப்போதுதான் திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "உன் வாயால கேட்டுட்டா போதும், கிளம்பிடுவேன். எல்லா நாளும் நீதானே?"

"ஆமா அண்ணி. நான்தான்."

"இன்னிக்கும்?"

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"இன்னிக்கும் நான்தான்" என்றான்.

அண்ணி பெரிதாக மூச்சு விட்டாள். அவன் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். மகளை எழுப்புகிற குரல் கேட்டது. அலமாரியைத் திறக்கிற சத்தமும், "எல்லாத்தையும் எடுத்து வை, நாளைக்கு அக்கா... உன் பெரியம்மா வீட்டுக்குப் போறோம்" என்ற பேச்சும், பிள்ளை துள்ளிக் குதிக்கிற சத்தமும் வந்தன.

அவன் சக்கரத்தின் பக்கத்தில் போய் நின்றான். பிடித்து நிறுத்திவிட்டால் தீர்ந்தது. கையை நீட்டினான், நிறுத்த மனம் வரவில்லை.

"அண்ணே" என்றான் மெல்ல. "அவங்க போகட்டும். நான் எங்கயும் போகல."