மந்திரியின் வாசனை

கல்யாணமாகி மாமனார் வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டபோது மாப்பிள்ளை கொண்டுவந்த சொத்து ஒன்றே ஒன்றுதான்: தொங்கு காதும் தொந்தியுமாக ஒரு நாய். யார் வந்தாலும் எழுந்திருக்காமல் பார்வையாலேயே விசாரிக்கும் என்பதால் அதற்கு மந்திரி என்று பெயர்.

மந்திரி நாறியது. மறைப்பதற்கில்லை. ஊறவைத்து மறந்துபோன துணியும் திரிந்துபோன பாலும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற நாற்றம். மந்திரி சோபாவுக்கு வருமுன் அது வந்து உட்கார்ந்துவிடும்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் மாமியார். இப்படித் தொடங்கினால் தப்பாக எடுத்துக்கொள்ளவேண்டிய விஷயம்தான் வரும் என்பது மாப்பிள்ளைக்குப் பழகிவிட்டிருந்தது. "மாசக் கடைசிக்குள்ள நாத்தம் போகணும். இல்லேன்னா நாய் போகணும்."

நாயோடு சேர்ந்து இன்னொருவரும் போனால் நல்லதுதான் என்பதை மாமியார் வாய்விட்டுச் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவர்.

அன்றிலிருந்து தினமும் குளியல். மாப்பிள்ளையின் ஷாம்பூ, அதன்மேல் பவுடர், அதன்மேல் ஆபீசுக்குப் போடுகிற சென்ட். காதுக்குள்ளும் நுரை விட்டுக் கழுவினார். அரைகுறை வேலை அவருக்கு ஆகாது. காலையில் மல்லிகை, மாலையில் மறுபடி பழைய பால். மந்திரி தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் காதைச் சுவரில் தேய்த்தது.

"பாவம், வெக்கப்படுதுங்க," என்றாள் மனைவி.

டாக்டரிடம் காட்டுவதென்று முடிவாயிற்று. இங்கேதான் கௌரவம் குறுக்கே வந்து நின்றது. நாறுகிற நாயோடு போய் நின்றால் டாக்டர் என்ன நினைப்பார்? துப்பில்லாத ஆள் என்று வீட்டில் கேட்பது போதாதா? கிளம்புமுன் தேய்த்துக் குளிப்பாட்டி, காதைப் பஞ்சால் துடைத்து, சென்ட் பாட்டிலைக் கவிழ்த்தார்.

டாக்டர் குனிந்து மோந்து பார்த்தார். தும்மினார்.

"நாத்தம்னு சொன்னீங்க?"

"லேசாத்தான் சார்."

"இவ்ளோ சுத்தமா ஒரு நாயை நான் பார்த்ததே இல்ல. காதும் பளிச்சுன்னு இருக்கு. நல்லா வச்சிருக்கீங்க."

கல்யாணத்துக்குப் பிறகு அவரை ஒருவர் பாராட்டுவது இதுதான் முதல் தடவை. தலை சாய்வதைப் பற்றிக் கேட்க வாயெடுத்தவர் அப்படியே விழுங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்.

"அவருக்கு ஜலதோஷமா இருக்கும்," என்றார் மாமியார்.

காதிலிருந்து சீழ் வழிந்து மெத்தை நனைந்த அன்று, குளிப்பாட்ட நேரமில்லாமல் மந்திரியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டர் வாசலிலேயே முகம் சுளித்தார்.

"காது உள்வரைக்கும் அழுகிடுச்சு. அன்னைக்குக் கழுவாம கொண்டாந்திருந்தா மோந்தே சொல்லியிருப்பேனே சார்! நாத்தத்தைத் துடைச்சிட்டு வந்து என்கிட்ட எதைக் காட்டினீங்க?"

ஊசி, சொட்டு மருந்து, ஆபரேஷன் எல்லாம் ஆயிற்று. நாற்றம் போயிற்று. இரண்டு காதும் கேட்காமல் போயிற்று.

மாமியாருக்கு ஏக திருப்தி. பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். "இப்ப தங்கம்ங்க. நாத்தமும் கிடையாது, குரைக்கிறதும் கிடையாது. இடி விழுந்தாலும் தூங்கும். எல்லாம் எங்க மாப்ள கைராசி. இங்கேயே கிடந்துட்டுப் போகட்டும்."

மாலையில் வேலை விட்டு வந்த மாப்பிள்ளை, "மந்திரி" என்றார். அது ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தது. வால்கூட அசையவில்லை. குரலை உயர்த்தினார். இன்னும் உயர்த்தினார்.

"எதுக்கு மாப்ள கத்துறீங்க?" என்றார் மாமியார் சமையலறையிலிருந்து. "எங்களுக்கெல்லாம் காது நல்லாத்தான் கேக்குது."